ரயிலேறிய வீடுகள்

பாஸ்டனின் தெற்கு நிலையத்தில் புறப்படும் புறநகர் ரயில், எண்டிகாட் என்ற சின்ன நிலையத்தில் நின்று போகிறது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில், டெடம் ஊரின் ஈஸ்ட் தெருவில், வயதால் முதுகு வளைந்த ஒரு மர வீடு நிற்கிறது. கூரையின் முகடு நடுவில் தொய்ந்திருக்கிறது. சுவர்ப் பலகைகள் வெயிலும் பனியும் பட்டுக் கறுத்திருக்கின்றன. ஃபேர்பேங்க்ஸ் என்ற குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட இந்த வீட்டின் உத்தரங்களில் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள், இது 1637-க்கும் 1641-க்கும் இடையில் எழுந்தது என்கிறார்கள். வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மரச்சட்ட வீடுகளில் இதுதான் மூத்தது. எட்டுத் தலைமுறைகள் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

அமெரிக்காவில் இன்று வீடு கட்ட நினைக்கும் ஒருவர், கட்டடக் கலைஞரைத் தேடிப் போகாமலே பிளான் வாங்கிவிடலாம். பிளான் விற்கும் நிறுவனங்களின் புத்தகங்களில் கலோனியல், கேப் காட், விக்டோரியன், கிராஃப்ட்ஸ்மேன், ஸ்பானிஷ் என்று பாணிவாரியாக வீடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எத்தனை படுக்கையறை, எத்தனை கார் நிறுத்தலாம், எத்தனை சதுர அடி என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். அந்தப் பெயர்களில் பலவற்றின் பூர்வீகத்தை பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரையிலான ரயில் பாதையிலேயே பார்க்க முடியும். ஒவ்வொரு பாணியும் ஏதோ ஒரு குளிருக்கோ வெயிலுக்கோ, கையில் கிடைத்த ஒரு மரத்துக்கோ பதிலாகத்தான் பிறந்தது. அது தாளில் ஏறி ஊர் ஊராகப் போனபோது முகம் தவறாமல் போய்ச் சேர்ந்தது. காரணம் சில ஊர்களுக்குப் போனது, சில ஊர்களுக்குப் போகவில்லை.

டெடம் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் காரணத்தைக் கையால் தொடலாம். வீட்டின் நடுவே, தரையிலிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது ஒரு பிரம்மாண்டமான செங்கல் புகைபோக்கி. அடுப்பு அணைந்த பிறகும் செங்கல் நெடுநேரம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். அதனால் அறைகளெல்லாம் அதை ஒட்டியே அமைந்தன. அதே நூற்றாண்டில் வெர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் புகைபோக்கிகளை வீட்டின் இரு கோடிகளுக்குத் தள்ளிக் கட்டினார்கள். அங்கே கோடை கொடியது. சமையல் சூடு வீட்டுக்குள் தங்கக் கூடாது. ஒரே நாட்டிலிருந்து வந்த தச்சர்கள்தான், வானிலை வேறு என்பதால் வீடும் வேறானது.

நியூ இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இன்னொரு வடிவம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முன்புறம் இரண்டு மாடி. பின்புறம் கூரை நீளமாகச் சரிந்து ஒரு மாடி உயரத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காலத்துச் சமையலறைச் சுவரில் தொங்கிய மர உப்புப் பெட்டியின் சாயல் இருந்ததால் சால்ட்பாக்ஸ் என்று பெயர் வந்தது. பலர் வீட்டின் முகத்தைத் தெற்கு வெயிலுக்குத் திருப்பி, தாழ்ந்த பின்கூரையை வடக்குக் காற்றுக்குக் கொடுத்தார்கள். ஜன்னல்கள் சின்னவை, ஏனென்றால் கண்ணாடி கடல் கடந்து வரவேண்டியிருந்தது. தென்கிழக்கே கடலுக்குள் நீளும் கேப் காட் மணல்திட்டில் வீடு இன்னும் குறுகியது. ஒன்றரை மாடி, செங்குத்தான கூரை, நடுவில் புகைபோக்கி, சுவர் முழுக்க மரச் செதில்கள். 1800-இல் அந்தப் பக்கம் பயணம் செய்த யேல் கல்லூரித் தலைவர் டிமதி டுவைட், இந்த வீடுகளை ஒரு தனி வகையாகவே எழுதி வைத்தார். கடற்காற்று அடிக்கும் மணலில் உயரமாகக் கட்டுவது ஆபத்து என்று அங்கிருந்த மீனவர்களுக்கும் கப்பல் தச்சர்களுக்கும் தெரிந்திருந்தது.

இவை எதற்கும் பிளான் கிடையாது. தச்சரின் கையிலும் நினைவிலும்தான் இருந்தது.

தாள் எங்கே வருகிறது என்று பார்க்க ஸ்பிரிங்ஃபீல்டில் வண்டி மாறி, கனெக்டிகட் ஆற்றோடு வடக்கே போகவேண்டும். கிரீன்ஃபீல்ட் ஒரு சிறு நகரம். 1797-இல் இங்கே ஆஷர் பெஞ்சமின் என்ற இளம் தச்சர் ‘த கன்ட்ரி பில்டர்ஸ் அசிஸ்டன்ட்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதுவரை அமெரிக்கத் தச்சர்கள் புரட்டிய கட்டடப் புத்தகங்கள் இங்கிலாந்தில் எழுதப்பட்டவை, அல்லது அவற்றின் மறுபதிப்புகள். அமெரிக்கர் ஒருவர் தானே எழுதிய முதல் கட்டடப் புத்தகம் என்று பெஞ்சமினின் நூலைச் சொல்கிறார்கள். தூண், வாசல், மாடிப்படி, கணப்பு மாடத்தின் அலங்காரம், முழு வீட்டின் முகப்பு என எல்லாவற்றையும் அளவோடு வரைந்து கொடுத்தார். அடுத்து எழுதியவற்றோடு மொத்தம் ஏழு புத்தகங்கள்.

கிரீன்ஃபீல்டுக்குத் தெற்கே டீர்ஃபீல்ட் கிராமத்தில், ஏறக்குறைய ஒரு மைல் நீளும் ஒரே தெருவில் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கனத்த, செதுக்கு வேலை மிகுந்த வாசல்களைப் பார்த்துவிட்டு பெஞ்சமினின் படங்களைப் பார்த்தால், அவர் செய்த வேலை விளங்கும். ஐரோப்பாவில் கல்லுக்காக வகுத்த விகிதங்களை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் தூணும் மரம், முகப்பும் மரம். மரத்துக்கு அவ்வளவு பருமன் தேவையில்லை என்று தூணை மெலிய வைத்தார். நியூ இங்கிலாந்தின் சிறு ஊர்களில் மெல்லிய தூண்களோடும் வாசலுக்கு மேல் விசிறி வடிவக் கண்ணாடியோடும் நிற்கும் வெள்ளை வீடுகளில் அவருடைய புத்தகங்களைப் புரட்டிய தச்சர்களின் கை இருக்கிறது. பெரிய ஊர்ப் பணக்காரர் மட்டும் கட்டிய வடிவத்தைக் கிராமத்துத் தச்சரும் கட்டமுடிந்தது அப்போதுதான். பாணிகளின் வரலாற்றில் இதைவிட மதிக்கத் தக்க திருப்பம் அதிகமில்லை.

தெற்கே நியூயார்க் வந்து, பிறகு ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே போகும் ரயிலில் ஏறவேண்டும். பீக்கன் நிலையம் வரை ஜன்னலுக்கு வெளியே ஆறு கூடவே வருகிறது. எதிர்க்கரையில் மேட்டின் மீது ஏறி நிற்கும் நகரம் நியூபர்க். 1815-இல் இங்கே ஒரு நாற்றுப்பண்ணைக்காரரின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங், செடிகளை வளர்த்துக்கொண்டே வீடுகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1842-இல் ‘காட்டேஜ் ரெசிடென்சஸ்’, 1850-இல் ‘த ஆர்க்கிடெக்சர் ஆஃப் கன்ட்ரி ஹவுசஸ்’. இவற்றில் வீட்டின் படம், தளத்தின் பிளான், தோட்டத்தின் அமைப்பு, கட்டும் செலவு எல்லாம் அடுத்தடுத்து வரும். சுமாரான வருமானம் உள்ள குடும்பத்துக்கும் அழகான வீடு வேண்டும் என்று அவர் விடாமல் வாதிட்டார்.

டவுனிங்குக்கு வெள்ளை வீடுகள் பிடிக்காது. பச்சை நிலத்தில் வெள்ளைச் சுவர் கண்ணை உறுத்துகிறது, மண்ணின், கல்லின், வைக்கோலின் நிறத்தைப் பூசுங்கள் என்றார். கிரேக்கக் கோயில் போல் முகப்பு வைத்த வீடுகளையும் அவர் ஏற்கவில்லை. குடும்பம் வாழும் இடம் வாழும் இடமாகத் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. வீட்டின் முன் தாழ்வாரம் வேண்டும், அமெரிக்கக் கோடைக்கு அது அவசியம் என்று வற்புறுத்தினார். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளியின் மேல் மெல்லிய சட்டம் அடித்து மூடும் சுவரைப் பரிந்துரைத்தார். மரச்சட்டத்தின் மரங்கள் செங்குத்தாக நிற்கின்றன. வெளிப் பலகையும் அப்படியே நின்றால் வீடு தன் எலும்பை மறைக்காமல் சொல்கிறது என்பது அவர் தந்த காரணம். இன்றைய பிளான் புத்தகங்களில் ‘மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ்’ என்று விற்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே செங்குத்துப் பலகைச் சுவர்தான். நிறம் மட்டும் பளிச்சென்ற வெள்ளை.

1852 ஜூலை 28 அன்று ஹட்சனில் ‘ஹென்றி கிளே’ என்ற நீராவிப் படகு தீப்பிடித்தது. அதில் இறந்தவர்களில் டவுனிங்கும் ஒருவர். வயது 36. நியூபர்க்கில் அவர் வாழ்ந்த வீடு இன்று இல்லை. அவரோடு வேலை செய்ய இங்கிலாந்திலிருந்து வந்த கால்வர்ட் வாக்ஸ், பிற்காலத்தில் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தார். அந்த இருவரும் டவுனிங்கின் நினைவாக வரைந்த பூங்கா, 1897 முதல் நியூபர்க்கின் மேட்டில் இருக்கிறது.

நியூயார்க்கிலிருந்து கிழக்கே, லாங் ஐலண்டில் இருக்கும் லெவிட்டவுனுக்கும் ஒரு நடை போய்வருவது நல்லது. டெடமிலும் கேப் காடிலும் பார்த்த வீட்டுக்குப் பிற்காலத்தில் என்ன ஆனது என்பது அங்கே தெரிகிறது. 1930-களில் பாஸ்டன் கட்டடக் கலைஞர் ராயல் பாரி வில்ஸ், பழைய கேப் காட் வடிவத்தைச் சிறு குடும்பங்களுக்கு ஏற்ப வரைந்து, புத்தகங்கள் வழியாகப் பரப்பினார். 1938-இல் ‘லைஃப்’ இதழ் சில குடும்பங்களுக்கு மரபு பாணியில் ஒரு பிளானும் நவீன பாணியில் ஒரு பிளானும் வரையச் செய்தது. மினியாபொலிஸ் குடும்பம் ஒன்றுக்கு வில்ஸ் ஒன்று வரைந்தார், ஃபிராங்க் லாயிட் ரைட் ஒன்று வரைந்தார். குடும்பம் கட்டிக்கொண்டது வில்ஸ் வரைந்த வீட்டை. ரைட்டின் பிளான் வேறொருவருக்காக விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் எழுந்தது.

அடுத்த பத்தாண்டில் இந்தச் சின்ன வீடு ஆயிரக்கணக்கில் பெருகியது. 1947-இல் லெவிட் நிறுவனம் உருளைக்கிழங்கு வயல்களில் கேப் காட் வடிவ வீடுகளைக் கட்ட ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை, பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த மேல்மாடம். 1951-க்குள், பின்னர் சேர்ந்த வேறு மாதிரிகளோடு, 17,447 வீடுகள். அடித்தளக் கிடங்கு கிடையாது. கான்கிரீட் தரைக்குள் பதித்த செப்புக் குழாய்களில் சுடுநீர் ஓடி வீட்டைச் சூடேற்றியது. டெடமில் வீட்டையே கட்டிப்போட்ட புகைபோக்கியின் வேலை முடிந்துவிட்டது. செங்குத்துக் கூரை மட்டும் பழைய நினைவாக நின்றது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அது கைக்கெட்டிய வீடு. ஆனால் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அதே போரில் சண்டையிட்ட கறுப்பின வீரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கேப் காட் பாணியின் கதையைச் சொல்லும் எவரும் இதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது. இன்று அந்தத் தெருக்களில் நடந்தால், எடுத்துக் கட்டாத, மாடி உயர்த்தாத வீட்டைக் காண்பது அரிது. தங்களுக்குக் கொடுத்த பிளானை மக்கள் தங்கள் கையால் திருத்தி எழுதிவிட்டார்கள்.

மறுபடி ஹட்சனோரம். லேக் ஷோர் லிமிடெட் ரயில் இரவெல்லாம் ஏரிக்கரை வழியே ஓடிக் காலையில் சிகாகோவில் விடுகிறது. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு. கிராண்ட் உட் 1930-இல் வரைந்த ‘அமெரிக்கன் காதிக்’ அங்கே இருக்கிறது. கையில் கவைக்கோலோடு நிற்கும் முதியவரையும் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் எல்லாரும் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வீட்டைப் பாருங்கள்: செங்குத்துப் பலகைச் சுவர், முன்னால் தாழ்வாரம், மாடியில் தேவாலயத்தில் இருப்பது போன்ற கூர்வளைவு ஜன்னல். அயோவா மாநிலத்தின் எல்டன் ஊரில் 1880-களின் தொடக்கத்தில் கட்டிய அந்தச் சின்னஞ்சிறு வீடு இன்றும் நிற்கிறது. ஹட்சன் கரையில் டவுனிங் எழுதியது, முப்பது ஆண்டுகளில் புல்வெளி தேசத்துத் தச்சர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவ்வளவு வேகமாகப் போனதற்குச் சிகாகோவும் ஒரு காரணம். டெடம் வீட்டில், ஒரு கட்டையில் துளை குடைந்து, இன்னொரு கட்டையின் முனையை அதில் செருகி, மர ஆப்பு அடித்துச் சேர்த்திருப்பார்கள். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். 1830-களில் சிகாகோ வட்டாரத்தில் பரவிய முறையில், ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களும் இயந்திரம் செய்த ஆணிகளும் போதும். சுத்தியல் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் ஒரு வீட்டின் எலும்புக்கூட்டை நிறுத்திவிடலாம். பிளானைத் தபாலில் விற்கும் தொழிலும் வளர்ந்தது. டென்னசியின் நாக்ஸ்வில்லில் இருந்த ஜார்ஜ் பார்பர், கோபுரமும் வளைந்த தாழ்வாரமும் கொண்ட விக்டோரியன் வீடுகளின் பிளான்களை நாடெங்கும் அனுப்பினார். ஓரிகன் மாநிலத்தின் ஜாக்சன்வில்லில் 1892-இல் கட்டிய ஒரு வீட்டை ஊரார் இன்றும் ‘கேட்டலாக் வீடு’ என்கிறார்கள்; அது பார்பரின் பிளான்.

பிளானோடு வீட்டையும் அனுப்பினால் என்ன? சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908-இல் முதல் வீட்டுக் கேட்டலாக்கை வெளியிட்டது. 1940 வரை சுமார் 70,000 வீடுகள் விற்றன. சட்டம், பலகை, ஜன்னல், கதவு, ஆணி, பெயின்ட் எல்லாம் சரக்குப் பெட்டியில் வந்து இறங்கும். அளவாக அறுத்து எண் போட்ட மரங்களைப் புத்தகத்தைப் பார்த்து ஒன்றோடு ஒன்று சேர்க்க வேண்டும்.

சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸ் போகும் ரயில் கார்லின்வில்லில் நிற்கிறது. 1918-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் தன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக சியர்ஸிடம் ஏறக்குறைய 10 லட்சம் டாலருக்கு வீடுகள் வாங்கியது. அவற்றில் சுமார் 150 வீடுகள் இந்த ஊரின் 12 பிளாக்குகளில் இன்னும் குடியிருப்பாக இருக்கின்றன. கிளாட்ஸ்டோன், வைட்ஹால், கார்லின் என்று மாதிரிக்கு ஒரு பெயர். மொத்தம் எட்டு மாதிரிகள். முதலில் ஒரே அச்சாகத் தெரியும். நடக்க நடக்க, தாழ்வாரத்துக்குக் கண்ணாடி அடைத்தது, பலகைக்குப் பதில் வேறு உறை போட்டது, தூணை மாற்றியது என்று நூறு வருடத்துக் குடும்பங்களின் கைவேலை தனித்தனியாகப் பிரிந்து தெரிகிறது. சட்டங்கள் நேராகவே நிற்கின்றன. தபாலில் வந்த வீடு தரக்குறைவாக இருக்கும் என்ற எண்ணத்தைக் கார்லின்வில்லில் விட்டுவிட்டுத்தான் ரயிலேற முடியும்.

மீண்டும் சிகாகோ, அங்கிருந்து சவுத்வெஸ்ட் சீஃப் ரயில், இரண்டு இரவுகள், லாஸ் ஏஞ்சலஸ். நகர ரயிலில் வடகிழக்கே சிறிது நேரம் போனால் பசடீனா. வங்காளத்துக் குடிசையைப் பார்த்து ஆங்கிலேய அதிகாரிகள் அமைத்துக்கொண்ட பங்களா, கடல்கள் கடந்து கலிஃபோர்னியாவில் நடுத்தரக் குடும்பத்தின் வீடாகி இங்கே தெருத்தெருவாக நிற்கிறது. சார்லஸ், ஹென்றி கிரீன் சகோதரர்கள் 1908-இல் வரைந்த கேம்பிள் இல்லம் இந்தப் பாணியின் உச்சம். வெளியே நீளும் கூரை விளிம்புகள், மறைக்காமல் விட்ட கைமர முனைகள், இரவில் காற்றோடு படுக்க மாடித் திண்ணைகள். வெயில் சுவரில் படாமல் நிழல் தருவதற்குத்தான் அந்த நீண்ட இறவாரம்.

அது பணக்கார வீடு. ‘பங்களோ ஹெவன்’ என்ற வட்டாரத்தில் சாமானியர்களுக்கான நூற்றுக்கணக்கான சின்ன பங்களாக்கள் இருக்கின்றன. 1989-இல் பசடீனா அதைத் தன் முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தது. கஸ்டவ் ஸ்டிக்லியின் ‘த கிராஃப்ட்ஸ்மேன்’ இதழ் சந்தாதாரர்களுக்கு வீட்டுப் பிளான்களை இலவசமாகவே கொடுத்தது. அப்படித்தான் இந்தத் தாழ்ந்த கூரை பனி கொட்டும் ஊர்களுக்கும் போனது. அங்கே குளிர்காலத்தில் அந்த இறவாரம் அறைக்குள் வரவேண்டிய வெளிச்சத்தைத் தடுத்தது. சாய்வு குறைந்த கூரையில் பனி தங்கியது. சிகாகோ யோசித்துச் செய்தது. சுவரைச் செங்கலாக்கி, கீழே முழு அடித்தளம் வைத்து, குறுகிய மனைக்கு ஏற்ப வீட்டை நீளமாக்கி, ஏறக்குறைய 80,000 பங்களாக்களைக் கட்டியது. பாணியின் காரணத்தை மறுபடி கேட்டு, தன் ஊருக்கான பதிலைத் தானே எழுதிக்கொண்ட நகரம் அது.

அந்தக் கேள்வியைப் பசடீனாவுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் ஆல்டடீனாவில் இப்போது அவசரமாகக் கேட்கிறார்கள். 2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய ஈட்டன் தீ 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. பங்களாக்கள், ஜேன்ஸ் காட்டேஜ்கள் என்று பெயர்பெற்ற 1920-களின் வீடுகள், வரைபடப் பதிப்பாளர் ஆண்ட்ரூ மக்னாலி 1887-இல் கட்டிய விக்டோரியன் மாளிகை எல்லாம் போயின. மற்ற இடங்களில் வீடு வாங்க விடாத காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கித் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர் இது. இழந்தவர்களில் பலருக்குக் கட்டடக் கலைஞரை வைத்துக்கொள்ள வசதியில்லை. அவர்களுக்காகக் கட்டடக் கலைஞர்கள் சிலர் ‘ஃபுட்ஹில் கேட்டலாக்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சியர்ஸ் முறையை முன்மாதிரியாகக் கொண்டு, ஊரின் பழைய பாணிகளில் பிளான்களை வரைந்து, அரசு அலுவலகத்தில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவைக்கிறார்கள். குடும்பம் தேர்ந்தெடுத்துக் கட்டத் தொடங்கலாம்.

இங்கே பழைய முகத்தை அப்படியே நகலெடுக்க வழியில்லை. திறந்த இறவாரத்தின் அடியில்தான் காற்றில் பறந்து வரும் தணல் சிக்கிக்கொள்கிறது. மேல்மாடத்துக் காற்றுத் துளை வழியே உள்ளே புகுந்து வீட்டை எரிக்கிறது. தீ அபாயப் பகுதிகளுக்கான கலிஃபோர்னியாவின் கட்டட விதிகள் எளிதில் எரியாத கூரையையும், தணல் நுழையாத வலையிட்ட காற்றுத் துளைகளையும், தீயைத் தாங்கும் இறவாரத்தையும் கேட்கின்றன. கைமர முனைகள் தெரியும் பங்களா வேண்டும் என்று கேட்கும் குடும்பத்துக்குப் பிளான் வரைபவர், கூரையை எவ்வளவு வெளியே நீட்டுவது, அடியை எந்தப் பொருளால் மூடுவது, ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி போடுவது என்று கோட்டுக்குக் கோடு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.